மொய் நோட்டும் மாலை அறிக்கையும்

2020 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாடு சுகாதாரத்துறை தினமும் மாலையில் ஒரு கொரோனா அறிக்கை வெளியிட்டது. மாவட்டவாரியான அட்டவணை, அதில் புதுக்கோட்டைக்கும் ஒரு வரி. இன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் குணமடைந்தார்கள், சிகிச்சையில் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர். அந்த எண்களில் குறைகள் இருந்தாலும், அரசு தன் கையிலிருந்த கணக்கைத் தினமும் மக்கள் முன் வைத்தது சிறிய காரியமல்ல. ஆனால் அந்த அறிக்கைக்கு இணையாக இன்னொன்றும் வந்திருக்க வேண்டும். நோயைத் தடுக்க விதித்த கட்டுப்பாட்டால் இந்த மாவட்டத்தில் இந்த மாதம் யார் எதை இழந்தார்கள் என்று சொல்லும் அறிக்கை. அது ஒரு நாளும் வரவில்லை. ஒரு பக்கத்தின் வரவு செலவு மட்டும் தினமும் எழுதப்பட்டு, மறுபக்கம் வெற்றுத்தாளாகவே கிடந்தால், முடிவெடுக்கும் அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தராசு ஒரே பக்கம்தான் சாயும். கட்டுப்பாடுகளை விதித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. விதித்ததை மாதாமாதம் நீட்டித்தபோது பலன் குறைந்துகொண்டே போனது, செலவு ஏறிக்கொண்டே போனது; இந்த இரண்டையும் யாரும் எழுதி ஒப்பிடவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதைச் சோதித்துப் பார்க்கப் புதுக்கோட்டை தகுந்த மாவட்டம். இங்கே பெரிய தொழிற்சாலைகள் குறைவு. வாழ்க்கை பருவத்தையும் திருவிழாவையும் கைமாற்றையும் நம்பி ஓடுகிறது.

பலனிலிருந்தே தொடங்குவோம். 2020 ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு தொற்றுகூடப் பதிவாகாத மிகச் சில தமிழக மாவட்டங்களில் புதுக்கோட்டை ஒன்று. மார்ச் 24 மாலை 144 தடை உத்தரவு, மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. நோய் வராத ஊரை ஏன் பூட்டினார்கள் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் திறக்கப்பட்டது. பரிசோதனைக் கூடங்கள் மாநிலம் முழுவதிலுமே அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆகஸ்டுக்குள் அவை நூறைத் தாண்டின. பூட்டிய வாரங்களில் படுக்கை, ஆக்சிஜன், பயிற்சி, பாதுகாப்பு உடை எல்லாம் சேர்ந்தன. மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எப்படி ஏறியது என்று பார்த்தவர்களுக்கு, சாலையை மறித்ததன் அர்த்தம் விளங்கியிருக்கும். அரசு அப்போது விலைகொடுத்து வாங்கியது காலத்தை. வாங்கிய காலத்தை வீணாக்கவும் இல்லை. அந்த முதல் இரண்டு மாதங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் இந்த மாவட்டத்து விராலிமலைத் தொகுதிக்காரர். ஊர் நிலவரம் தெரியாமல் யாரோ எங்கிருந்தோ போட்ட உத்தரவு என்றும் அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் காலத்தை விலைக்கு வாங்குவதில் ஒரு சிக்கல். முதல் வாரம் மருத்துவமனையைத் தயார் செய்ய உதவுகிறது. இருபதாவது வாரம் எதற்கு உதவுகிறது? இ-பாஸ் கதையை எடுத்துக்கொள்வோம். மாவட்டம் விட்டு மாவட்டம் போக, திருமணம், துக்கம், அவசர மருத்துவம் என்று காரணம் காட்டி இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். நோய் சென்னையில் இருந்தது, மற்ற மாவட்டங்களில் இல்லை என்ற நிலையில் அது பொருளுள்ள ஏற்பாடு. ஜூலைக்குள் எல்லா மாவட்டங்களிலும் நோய் பரவிவிட்டது. அதற்குப் பிறகும் எல்லைச் சாவடிகள் நின்றன. இடைத்தரகர்கள் பணம் வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துக் கொடுத்த செய்திகள் வந்தன. புகார்கள் குவிந்ததும் ஆகஸ்ட் 17 முதல், விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே பாஸ் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் அனுமதி யாரையும் தடுப்பதில்லை. அப்படியானால் அதன் பலன் பூஜ்யம். ஆதார் எண், அலைபேசி, இணையம், எழுத்தறிவு இல்லாதவரை மட்டும் அது தடுக்கும். ஆக, செலவு மட்டும் மிச்சம். மாநிலங்கள் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று மத்திய உள்துறை ஆகஸ்ட் 22இல் கடிதம் எழுதிய பிறகு, செப்டம்பர் 1இல்தான் மாநிலத்துக்குள் இ-பாஸ் ஒழிந்தது. பலன் தீர்ந்த பின்பும் ஒரு தடை எப்படிப் பழக்கத்தினாலேயே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எந்தத் தடையில் பலன் இருந்தது, எதில் இல்லை என்பது அன்றைக்கே தெரியக்கூடியதாக இருந்ததா? பின்புத்தியால் தீர்ப்புச் சொல்வது எளிது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு என் பதில், 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. ரமணன் லக்ஷ்மிநாராயணனும் அவர் குழுவினரும் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநில அரசுகளின் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய தொடர்புத் தகவல்களை வைத்தே அதைச் செய்தார்கள். தொற்றியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் தம்முடன் தொடர்பிலிருந்த ஒருவருக்கும் நோயைக் கடத்தவில்லை. வெறும் 8 சதவீதத்தினர் வழியாகத்தான் புதிய தொற்றுகளில் 60 சதவீதம் பரவியிருந்தது. ஒரே வண்டியில் பல மணி நேரம் நெருங்கி உட்கார்ந்து பயணித்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். இந்த நோய் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பெய்யும் மழை அல்ல, சில மூடிய அறைகளிலும் சில நெரிசல்களிலும் கொட்டித் தீர்ப்பது என்பதற்குச் சான்று வெளிநாட்டிலிருந்து வரவில்லை. நம் கிராமச் செவிலியர் நடந்து எழுதிய தாள்களிலிருந்து வந்தது. அதற்குப் பிறகாவது கட்டுப்பாடுகள் குறுகி, கூர்மையாகியிருக்க வேண்டும். அவை பெரும்பாலும் தலையெண்ணும் விதிகளாகவே நீண்டன: திருமணத்துக்கு 50 பேர், இறப்புக்கு 20 பேர். மரத்தடியில் 50 பேரும் குளிரூட்டிய மண்டபத்தில் 50 பேரும் விதியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இனி, எழுதப்படாத பக்கம். கீரமங்கலம் பூச்சந்தைக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் வருகின்றன. விவசாயத்துக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு உண்டு. எனவே பூ விவசாயிக்குத் தடையில்லை என்று அதிகாரி சொல்லலாம், காகிதத்தில் அது உண்மையும்கூட. ஆனால் கிராமத்துச் சிறு கோயில்கள் ஜூலை வரையும் மற்றவை செப்டம்பர் வரையும் பக்தர்களுக்கு மூடியிருந்தன. திருமணம் 50 பேரோடு நின்றது. பூவுக்குத் தடையில்லை, பூ வாங்குகிறவருக்குத்தான் தடை. பறித்தால் கூலி கட்டாது. பறிக்காவிட்டால் செடியிலேயே வாடும். வடகாட்டுப் பக்கம் பலாவுக்கும் சித்திரை வைகாசிதான் காலம்; வாகனமும் வாரச்சந்தையும் இல்லாமல் பழம் தோட்டத்திலேயே கிடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அப்போது காய்ப்புக்கு வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நட்டத்தின் கனம் தெரியும். நாடகக் கலைஞர்கள் இன்னொரு கூட்டம். புதுக்கோட்டை, ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குச் சங்கம் உள்ள ஊர்களில் ஒன்று. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திருவப்பூர், நார்த்தாமலை, கொன்னையூர் என்று மாரியம்மன் திருவிழாக்கள் வரிசையாக வரும். வள்ளி திருமணமும் கரகாட்டமும் நாதஸ்வரமும் ஓர் ஆண்டுக்கான அரிசியைச் சம்பாதிப்பது அந்த நான்கு மாதங்களில். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு மாத ஊரடங்கு இரண்டு மாத நட்டம். ராஜபார்ட் கட்டுகிறவருக்கு அது ஓராண்டு. 2020இல் ஒரு பங்குனி போயிற்று. 2021இல் ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை வந்ததும் அந்த ஆண்டுச் சித்திரையும் வைகாசியும் போயின.

இப்படிக் கணக்குப் போடுவது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். கடற்கரையில் நடந்தது. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2020இல் ஊரடங்கால் படகுகள் அதற்கு முன்பே கரையில் நின்றுவிட்டன. மீனுக்கு வேண்டிய ஓய்வில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது என்று கண்டு, மத்திய அரசு அந்த ஆண்டு தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31இல் முடித்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுகளுக்குக் கிடைத்த அந்த இரண்டு வாரம் யாருடைய கருணையும் அல்ல. ஒரு தடை எதற்காக இருக்கிறது, அந்தக் காரியம் எவ்வளவு நிறைவேறிவிட்டது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டதன் விளைவு. கடலுக்குக் கேட்ட கேள்வியை நிலத்துக்குக் கேட்கவில்லை.

மொய் விருந்துக்கு வருகிறேன். செலவுக் கணக்கு எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கக்கூடும் என்பதை அதுதான் நன்றாகக் காட்டுகிறது. பேராவூரணிப் பக்கமிருந்து பரவி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், நெடுவாசல் வட்டாரத்தில் வேரூன்றிய வழக்கம் இது. கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே ஆடியிலும் ஆவணியிலும் விருந்து வைப்பார்கள். பல குடும்பங்கள் ஒரே பந்தலில் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். இலையில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்தவர் வரிசையாகப் போட்ட மேசைகளில் தனக்குரிய பெயர்ப்பலகையைத் தேடிப் போய், ஊரையும் பெயரையும் சொல்லிப் பணத்தைக் கொடுக்க, ஒருவர் வாங்கி எண்ணிப் பாத்திரத்தில் போடுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். அண்மை ஆண்டுகளில் பணம் எண்ணும் இயந்திரமும் வங்கி ஊழியரும்கூடப் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். ஒருமுறை விருந்து வைத்தவர் அடுத்ததற்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் தனக்கு மொய் செய்த அத்தனை பேர் விருந்துக்கும் போய், வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். அந்தப் புதிது எதிராளியின் கணக்கில் கடனாக ஏறும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீனும் கிடையாது. நோட்டும் ஊர்ப் பேச்சும்தான் ஈடு. ஆழ்துளைக் கிணறு, மகள் கல்யாணம், பிள்ளை படிப்பு, அடகு நகை எல்லாம் இந்தப் பணத்தை நம்பித் திட்டமிடப்படுகின்றன.

கஜாவுக்கு அடுத்த ஆடியிலேயே மொய் இறங்கிவிட்டது. அது நிமிர்வதற்குள் 2020 ஆடி வந்தது. 2021 ஆடியும் தொற்றின் நிழலிலேயே கழிந்தது. அந்த ஆண்டுகளில் முறை வந்தவர், அதற்கு முந்தைய 5 ஆண்டும் ஊர் ஊராகப் போய் எழுதியவர். அவர் வாங்க வேண்டிய நேரத்தில் பந்தல் போட முடியவில்லை. பணம் எங்கும் போய்விடவில்லையே, தள்ளித்தானே போகிறது என்று பொருளாதாரம் படித்த ஒருவர் சொல்லக்கூடும். வட்டியில்லாக் கடன் தள்ளிப்போனால், தள்ளிப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுத்தவர் வாங்கியவருக்கு மானியம் தருகிறார். தன் தேவைக்கு அவரே வட்டிக்கு வெளியில் வாங்குகிறார். வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை அவகாசம் கொடுத்தது. மொய்க்கு அவகாசம் கொடுக்க யாரும் இல்லை; நிவாரணப் படிவம் எதிலும் அதற்கு ஒரு பத்தியும் கிடையாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்குக் கொடுத்த 1,000 ரூபாய், இந்த நோட்டுகளில் நின்றுபோன தொகைக்கு முன்னால் எம்மாத்திரம்?

இங்கே என் வாதத்துக்கே ஓர் இடைஞ்சல் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி உட்கார்ந்து சாப்பிட்டு, வரிசையில் முண்டியடிக்கும் மொய்ப் பந்தல், அந்த 'சயின்ஸ்' ஆய்வு அஞ்சுகிற கூட்டமேதான். 2020 ஆகஸ்டில் அதை வழக்கம்போல் நடத்த விட்டிருந்தால் அது பொறுப்பின்மை. ஆனால் விருந்து வேறு, மொய் வேறு. சாப்பாட்டில் ஆபத்து இருக்கிறது. நோட்டில் எழுதுவதில் இல்லை. கறிச்சோறு இல்லாமல், வெட்ட வெளியில் மேசை போட்டு, ஊருக்கு ஒரு நாள் என்று பத்து நாள் எழுதிக்கொள்ளுங்கள், நாங்கள் இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று வட்டாட்சியர் ஒருவர் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சொல்லியிருந்தால் செலவில் பெரும்பகுதி குறைந்திருக்கும், பலனில் ஒன்றும் குறைந்திருக்காது. அதற்கு அந்த அதிகாரியிடம், இப்படி ஒரு செலவு இருக்கிறது என்ற தகவல் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் ஒரே அரசாணைக்கு மொய் என்றால் கல்யாண வீட்டுக் கவர்.

உயிர் பெரிதா காசு பெரிதா என்பது அடுத்த மறுப்பு, உணர்ச்சி மிகுந்தது. இந்தக் கேள்வியே தவறாகக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டின் செலவும் உயிராகவே வருகிறது. தாமதமாக, அட்டவணையில் ஏறாமல் வருகிறது. இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 லட்சம். 2020இல் அது 18 லட்சமாக விழுந்தது. காசநோய் திடீரென்று கால்வாசி குறைந்துவிடவில்லை. இருமலோடு இருந்தவர்கள் பேருந்து இல்லாமலும் பயந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஜூனில் சில வாரம் ஓடி நின்ற பேருந்து, மாவட்டத்துக்குள் 2020 செப்டம்பர் 1இலும், மாவட்டம் தாண்டி செப்டம்பர் 7இலும்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. மணமேல்குடிக்காரருக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி பேருந்து இருந்தால்தான் மருத்துவமனை. ஆகவே தராசின் இரண்டு தட்டிலும் உயிர்தான் இருக்கிறது. ஒரு தட்டில் உள்ளவர்களின் பெயர் அன்று மாலையே எண்ணாகிவிடுகிறது. மற்றவர்கள் இரண்டு ஆண்டு கழித்து வேறு ஏதோ நோயின் கணக்கில் சேர்கிறார்கள்.

ஊரடங்கு இல்லாவிட்டாலும் மக்கள் பயந்து வீட்டுக்குள்தான் இருந்திருப்பார்கள், நட்டத்தை எல்லாம் உத்தரவின் தலையில் கட்டுவது சரியா என்றும் கேட்கலாம். 2021 மே மாதத்தைப் பொறுத்தவரை இதை முழுக்க ஏற்கிறேன். மே 10இல் முழு ஊரடங்கு வந்தது. மே 21இல் ஒரே நாளில் 36,184 தொற்றுகள். மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. ஆக்சிஜனுக்கு உறவினர்கள் அலைந்த அந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்திருந்தாலும் யாரும் போயிருக்க மாட்டார்கள். அந்த ஊரடங்கு தேவை, தாமதமாகவே வந்தது. ஜூன் முடிவில் அன்றாடத் தொற்று ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கியதற்கு ஊரடங்கு மட்டுமே காரணம் என்று யாராலும் நிறுவ முடியாவிட்டாலும், மருத்துவமனைகள் மூச்சுவிட அது உதவியது. அது ஒரு சில வாரங்களே நீடித்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சில வாரத் தடைக்கு அரசால் ஈடுகட்ட முடிந்தது: 2.07 கோடி அரிசி அட்டைகளுக்குத் தலா 4,000 ரூபாய் இரண்டு தவணையாகப் போயிற்று, தெருவுக்குக் காய்கறி வண்டி வந்தது. நீண்ட தடைக்கு எந்த அரசாலும் ஈடுகட்ட முடியாது. பயத்துக்கும் உத்தரவுக்கும் உள்ள வேறுபாடும் அதுதான்: பயம் நிலைமை மாறினால் தானே இறங்கிவிடும், உத்தரவை ஒருவர் கையெழுத்திட்டு இறக்க வேண்டும்.

2021 தொடக்கத்தில் தளர்த்தியதால்தானே இரண்டாம் அலை வந்தது என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். டெல்டா என்ற புது வகையின் வேகத்துக்கு இங்கிருந்த தளர்வுகள் மட்டும் காரணமல்ல. எதைத் தளர்த்தினோம், எதைத் தளர்த்தவில்லை என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. தேர்தல் பிரச்சாரம் ஏப்ரல் 4 வரை அமர்க்களமாக நடந்தது. ஏப்ரல் 6இல் வாக்குப்பதிவு. ஏப்ரல் 10இல் திருவிழாக்களுக்குத் தடை. அந்த மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தேர்தல் ஆணையத்தை எவ்வளவு கடுமையான சொற்களால் சாடினார் என்பது நினைவிருக்கும். செலவு பலனைப் பார்த்துப் போட்ட வரிசையாக இருந்தால், லாரியில் ஆள் ஏற்றிப் போன கூட்டங்கள் முதலில் நின்றிருக்கும். ஊர்ப் பொட்டலில் இரவு நடக்கும் கூத்து கடைசியில் நின்றிருக்கும். இங்கே வரிசையைத் தீர்மானித்தது ஆபத்து அல்ல. யாருக்குக் குரல் இருக்கிறது என்பது.

குரலே இல்லாத கூட்டம் பிள்ளைகள்தான். தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடி 2021 நவம்பர் 1இல் திறந்தன. மளிகைக் கடை திறந்தது, டாஸ்மாக் திறந்தது, திரையரங்கு பாதி இருக்கையோடு திறந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய குழந்தை அந்தப் பக்கமே போகாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்தது. 2018இல் தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 10.2 சதவீதம் என்று 'அசர்' கணக்கெடுப்பு சொன்னது. அதுவே பெருமைப்படக்கூடிய எண் அல்ல. 2022இல் அது 4.8 ஆயிற்று. 1991இல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்து, பெண்கள் எழுத்தும் சைக்கிளும் ஒருசேரக் கற்ற மாவட்டம் இது. கற்ற எழுத்து பழக்கம் விட்டால் எவ்வளவு வேகமாக மறக்கும் என்று அறிவொளித் தொண்டர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது உண்மை. அது வாத்தியார் அல்ல.

இந்த இழப்பு மீண்டுவிட்டதே என்பார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதிய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்கிறது. நல்ல செய்தி. அந்த மீட்பில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மாலையில் திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், அதைச் செய்தார்கள். அப்படியானால் திறந்த திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்கார வைப்பது 2021 பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். இந்த நோய் குழந்தைகளை அரிதாகவே கொல்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கொண்டுபோவார்களே என்ற அச்சத்துக்கு அப்போது மதிப்பு உண்டு. ஆனால் 2021 ஜூலையில் மாநில அரசின் ரத்தப் பரிசோதனை ஆய்வு மூன்றில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புப் பொருள் இருப்பதாகச் சொன்ன பிறகு, அந்த அச்சத்தின் எடை பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் தொடக்கப் பள்ளி மூன்று மாதம் காத்திருந்தது.

2022 ஜனவரியோ கேலிக்கூத்து. ஒமைக்ரான் வந்தது, இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, வெள்ளி முதல் ஞாயிறு வரை கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் மூடல், ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நேரடி வகுப்பு ரத்து. அதே மாதம் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி: மாடுபிடி வீரர் 300, பார்வையாளர் 150 அல்லது பாதி இருக்கை. மாநிலத்திலேயே அதிக வாடிவாசல் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை என்பதால் இங்கே யாரும் வருந்தவில்லை. நானும் ஜல்லிக்கட்டை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. திறந்தவெளி, தடுப்பூசிச் சான்று, பரிசோதனைச் சான்று என்று நிபந்தனைகளோடு ஆபத்தைக் குறைத்து அனுமதித்தது சரியான முறை. அதே முறை மூன்றாம் வகுப்புக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. காளைக்குச் சங்கம் இருக்கிறது, பேரவை இருக்கிறது, 2017இல் மெரினாவில் கூடிய நினைவு இருக்கிறது.

பலன் தீர்ந்த தடை சும்மா நிற்பதில்லை. வேறு யாருக்கோ பயன்படத் தொடங்குகிறது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசிதழில் வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரை அது நீங்கவில்லை. நோய்த்தடுப்பு என்ற பெயரில் நின்றது, நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. கொஞ்சம் பழைய கதை: காப்பித் தோட்டக் காலத்தில் அம்மாபட்டினம், தொண்டித் துறைகளிலிருந்து இலங்கைக்குக் கூலிகள் கப்பலேறினார்கள். பின்னாளில் எல்லோரும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, காலரா, அம்மை இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பப்பட்டார்கள். அது சுகாதார ஏற்பாடு. கூடவே ஆள் பிடிப்பையும் ஆள் கணக்கையும் தோட்டத்துரைகளுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்த ஏற்பாடும்கூட. இரண்டாவது பயன் இருந்ததால் முதல் காரணத்தை யாரும் மறுபடி சோதிக்கவில்லை.

2020இல் நம்மைப் பூட்டிய அதிகாரம், பம்பாய் பிளேக்குக்காக வெள்ளையர் அவசரமாக இயற்றிய 1897ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்திலும் அதற்குப் பிந்தைய பேரிடர்ச் சட்டத்திலும் இருந்து வந்தது. தற்காலிக விதிமுறைகள் வகுக்கலாம் என்கிறது 1897 சட்டம். எத்தனை நாள் தற்காலிகம் என்று சொல்லவில்லை. ஒவ்வோர் அரசாணையிலும் மாதக் கடைசித் தேதி ஒன்று இருந்தது என்பது சரி. ஆனால் அந்தத் தேதி வந்தால் நீட்டிப்புதான் இயல்பு, முடிப்பதற்குத்தான் காரணம் தேடவேண்டியிருந்தது. இதைத் தலைகீழாக்க வேண்டும். தேதி வந்தால் தடை தானாக விழ வேண்டும்; நீட்டிக்க விரும்புகிறவர், இந்த மாதம் இதனால் இன்ன பலன், இந்த மாவட்டத்தில் இன்னாருக்கு இன்ன செலவு, அதற்கு இன்ன ஈடு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை ஊராட்சி மன்றப் பலகையில் ஒட்ட வேண்டும். செலவைச் சொல்லக் கீரமங்கலத்துப் பூ வியாபாரியையும் நாடகச் சங்கத்தையும் தலைமையாசிரியரையும் அழைத்துக் கேட்க வேண்டும். 1897 சட்டத்தில் ஓட்டைகள் இருப்பதாக இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 286ஆம் அறிக்கையில் சொல்லிவிட்டது. திருத்தம் நாடாளுமன்றத்திலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு 1939 முதல் சொந்தமாகவே ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு பிரிவுகளைச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு கூட்டத்தொடர் போதும். இந்த மாவட்டத்தில் ஆறு சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த நோய் வருவதற்குள் அவர்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேட்கட்டும்.